ஈப்போவில் மோர் என்று கத்தியவள்

முதல் சொட்டு விழுந்ததும் கண் சுரீரென்று எரிந்தது. “தொறக்காதீங்கம்மா, மூடியே இருக்கணும். பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா மூணு தடவ விடுவேன், அப்புறம் பேரச் சொல்லிக் கூப்புடுவோம்” என்று சொல்லி சிஸ்டர் ஒரு பஞ்சை இமைமேல் வைத்து, அதைப் பிடித்துக்கொள்ள அமலோற்பவத்தின் விரலையே எடுத்து வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அரைமணி நேரமா? ஜவுளிக்கடையில் இருபத்து நாலு வருஷம் நின்றே பழகிய காலுக்கு அரைமணி நேரம் சும்மா உட்காருவது பெரிய தண்டனை. காலை நீட்டினாள், யார் காலிலோ பட்டது, மடக்கிக்கொண்டாள். மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்கிக் கசந்தது. கண்ணில் விட்டது தொண்டையில் கசக்கிறதே, இது என்ன கூத்து. போன தடவையே டாக்டரம்மா சொல்லியிருந்தாள், கண் நரம்பு கொஞ்சம் வாடியிருக்கு, மருந்து விட்டுப் பார்த்தால்தான் எவ்வளவு என்று சொல்ல முடியும் என்று. வாடியிருக்கா, கீரையா அது? நேராப் பாக்குறது தெரியும், பயப்படாதீங்க, ஓரத்துலதான் மறைக்கும் என்று வேறு சமாதானம். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும். ஓரப்பார்வை போகிறது என்று பாஸ்கெட்பாலில் பந்தைக் கொண்டுபோன ஒரு பாயிண்ட் கார்டிடம் வந்து சொல்கிறாள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போது அமலு பந்தைப் பார்த்ததே கிடையாது. நேரே எதிராளியின் நெஞ்சைப் பார்ப்பாள், மற்ற நாலு பேரும் எங்கே நிற்கிறார்கள், யார் மூச்சு வாங்குகிறாள், யார் கையைத் தூக்குகிறாள் எல்லாம் ஓரக்கண்ணுக்கு வந்துவிடும். அந்த ஓரத்தை நம்பித்தான் திண்டுக்கல்லில் இருந்து ஒரு பொம்பளைப் பிள்ளைகள் டீம் மலேசியாவரைக்கும் போனது. இப்போது அந்த ஓரம் வாடுகிறதாம். கண்ணை மூடினாலும் இருட்டாக இல்லை, செக்கச்செவேல் என்று இருந்தது, சன்னல் பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள் போல. பயமாகத்தான் இருந்தது. மகனிடம் சொல்லவில்லை, சொன்னால் அவன் திருப்பூரில் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பான்.

அப்போதுதான் வலது பக்க நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ கனமாக உட்கார்ந்தார்கள், கண்ணாடி வளையல் குலுங்கியது. “பேரும்மா?” என்றாள் சிஸ்டர். “சௌந்தரவல்லி.” “வயசு?” “அம்பத்தாறு.” அமலோற்பவத்தின் விரலுக்குக் கீழே பஞ்சு நழுவியது, பிடித்துக்கொண்டாள். ஊரில் ஒரு சௌந்தரவல்லிதானா இருக்கிறாள், ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் அந்தக் குரல் ஆயிரம் பேருக்கு இருக்காது. கோர்ட்டின் அந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் இந்தக் கோடியில் முதுகு நிமிரும், அந்தக் குரல். வல்லியக்கா. கேப்டன் வல்லியக்கா. இருபத்தெட்டு வருஷமாக ஒரே ஊரில் இருந்துகொண்டு, ஒரே பஸ் ஸ்டாண்டில் ஏறி இறங்கிக்கொண்டு, கண்ணில் படாமலே இருந்தாயிற்று. பார்த்த ரெண்டு தடவையும் இவள் சந்துக்குள் புகுந்துவிட்டாள். தப்பு செய்தவள் இவளா? சந்துக்குள் புகுந்தவள் இவள்தான். இப்போது எங்கே புக? எழுந்து போனால் சிஸ்டர் சத்தம் போடுவாள். முகத்தில் பாதியைப் பஞ்சும் கையும் மறைத்திருக்கிறது, அப்போது அம்பத்து மூணு கிலோ இருந்த உடம்பு இப்போது எழுபத்தெட்டு. அக்காவுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளா? மாட்டாள். சொட்டு விழுந்ததும் “ஆ” என்றாள் வல்லியக்கா, சத்தமாக, எதுவுமே அவளுக்குச் சத்தமாகத்தான் வரும். அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு நாற்காலிக் கை. அதில் அமலோற்பவத்தின் முழங்கை இருந்தது, மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

அக்காவுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் ஒரு வத்தலக்குண்டு அம்மா. வந்ததில் இருந்து வாய் ஓயவில்லை, கண்ணை மூடச் சொன்னால் சில பேருக்கு வாய் திறந்துகொள்ளும். “உக்காரும்போதே பாத்தேன், நல்ல ஒயரமா இருக்கீகளே, போலீஸ்ல இருந்தீகளா?” என்று கேட்டாள். வல்லியக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பும் மாறவில்லை. “இல்லம்மா, பாஸ்கெட்பால் ஆடுன ஒயரம். இந்தியாவுக்கு வெளியிலெல்லாம் போய் ஆடியிருக்கேன். மலேசியாவுல ஈப்போனு ஒரு ஊரு, தொண்ணூத்தேழுல ஆசிய கிளப் கோப்பை, நான்தான் கேப்டன்.” “ஆத்தி! செயிச்சீகளா?” வல்லியக்கா வளையலை ஒதுக்கிவிட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்த ஒரு விநாடியில் அமலோற்பவத்துக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது, டைம் அவுட் முடிந்து விசில் ஊதுவதற்குமுன் அடிக்குமே, அதே அடி. சொல்லப்போகிறாள். யாரென்றே தெரியாத ஒருத்தியிடம், கண்ணை மூடிக்கொண்டு. கிளப் செக்ரட்டரி இல்லை, டீம் இல்லை, பேப்பர்காரன் இல்லை, வேலை வாங்கியாயிற்று, பென்ஷனும் வாங்கப்போகிறாள், இனி மறைத்து வைத்து அவளுக்கு ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வாள்? ஒரு வாய், ஒரே ஒரு வாய் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், காலில் விழ வேண்டாம், வத்தலக்குண்டுக்காரிக்காவது தெரிந்தால் போதும். இதற்குத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தோமா என்று நினைத்ததும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“செமி பைனல்ல தோத்தோம்மா, மூணே பாயிண்ட்டு” என்றாள் வல்லியக்கா. “அதுவரைக்கும் எங்கள அடிச்சுக்க ஆளில்ல. ஒரு தந்திரம் வச்சிருந்தோம்.” தந்திரம். ஆமாம், அது அக்காவின் மூளைதான், அதை இல்லை என்று சொன்னால் வாய் அழுகும். மற்ற டீம்கள் விரலைக் காட்டி ஆட்டத்தைச் சொல்வார்கள், ஒண்ணு, ரெண்டு, முஷ்டி என்று. அக்காதான் சொன்னாள், நமக்கு எதுக்கு விரலு, வெளிநாட்டுக்காரிகளுக்குத் தமிழா தெரியப்போகுது, வாய்விட்டே கூப்பிடுவோம் என்று. சாப்பாட்டுப் பெயர்களாக வைத்தார்கள். சாம்பார் என்றால் இடது மூலை. ரசம் என்றால் வேகமாக ரெண்டு பாஸ். அப்பளம் என்றால் எல்லோரும் விலகிக்கொள்ள அமலு மட்டும் தனியாகப் புகுந்து போவாள். மோர் என்றால் கூடைக்கு அடியில் இருந்து வல்லியக்கா வெளியே வந்து இடது கையைத் தூக்குவாள், அந்தக் கைக்குப் பந்தை எறிய வேண்டும். பந்தைக் கொண்டுபோகிறவள் அமலு, அதனால் கூப்பிடுகிறவளும் அமலு. தாய்லாந்துக்காரிகளோடு ஆடும்போது “மோர்! மோர்!” என்று அவள் கத்த, அந்தப் பிள்ளைகள் திருதிருவென்று முழித்தது இன்னும் நினைவிருக்கிறது. மணிலா டீமும் முழித்தது. தைவான் கோச் ஒரு காகிதத்தில் என்னவோ எழுதி எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டான். மூன்று மேட்சும் ஜெயித்து ஹாஸ்டல் ரூமில் படுத்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வயிறு வலித்தது. அக்கா அமலுவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, “ஊருக்குப் போனதும் ஒனக்கு சர்ட்டிபிகேட் வாங்கி முதல்ல ஒன்னய வேலைக்கு ஏத்துறேன்டி, அப்புறந்தான் நான்” என்றாள். மடி. அந்த மடியின் சூடு கன்னத்தில் இருக்கிறது, இருபத்தெட்டு வருஷம் ஆகியும் போகமாட்டேன் என்கிறது சனியன். அந்த மடியை நினைத்தால் மற்றது நம்பமுடியவில்லை, மற்றதை நினைத்தால் மடி நம்பமுடியவில்லை. எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து முட்டிக்கொள்கிறது.

“ரெண்டாவது சொட்டும்மா” என்று இமையை இழுத்தாள் சிஸ்டர். வெளிச்சம் உள்ளே பாய்ந்தது, எல்லாம் பால் மாதிரி கலங்கித் தெரிந்தது, பக்கத்தில் பச்சை நிறத்தில் பெரிசாக ஒன்று, அதுதான் அக்காவின் சேலை. முகம் தெரியவில்லை. மூடிக்கொண்டாள். எரிச்சல். ஈப்போவிலும் எரிச்சல்தான், கணுக்கால் சுளுக்கி வீங்கி நெருப்பாக எரிந்தது, செமி பைனலுக்கு முந்தின நாள். ஈப்போ டீமில் கால் பிடித்துவிட ஓர் அம்மா இருந்தது, புஷ்பலீலா என்று பெயர், ரப்பர் தோட்டத்துத் தமிழ். இவர்கள் ஆடிய மூன்று மேட்சுக்கும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தது, நம்ம ஊர்ப் பிள்ளைங்க ஆடுது என்று அத்தனை ஆசை. நொண்டிக்கொண்டு போன அமலுவைப் பார்த்து, “வாம்மா வீட்டுக்கு, எண்ணெய் போட்டு நீவிவிடுறேன், நாளைக்கு எங்க பிள்ளைங்களோட ஆடணும்ல” என்று கூட்டிப்போனது. நீவிவிட்டது, துணி சுற்றிக் கட்டியது, மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டது. என்ன பேசினார்கள்? திருச்சிப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லித் தெரியுமா என்று கேட்டது, தெரியாது என்றாள். மகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது என்றது. ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல், ஒரே ஒரு சொல் பேசவில்லை. பேசினாளா? இல்லை. ஆயிரம் தடவை அந்த வீட்டுக்குள் மனசால் போய் மூலை மூலையாகத் தேடிவிட்டாள், மீன் குழம்பு இருக்கிறது, மணியடிக்கும் சுவர்க்கடிகாரம் இருக்கிறது, அந்தச் சொல் மட்டும் எங்கேயும் இல்லை. பழி எப்படிப்பட்டது பாருங்கள், செய்யாததையே செய்தோமோ என்று ஒருத்தியை இருபத்தெட்டு வருஷம் தேடவைக்கிறது.

சொல்லிக்கொடுக்க அதில் என்ன இருக்கிறது? தமிழ் தெரிந்த ஒருத்தி மூன்று மேட்ச் பார்த்தால் போதாதா? இது முதல் பாதியிலேயே அமலுவுக்கு விளங்கிவிட்டது. சாம்பார் என்றாள், இடது மூலையில் ரெண்டு பேர் வந்து நின்றார்கள். ரசம் என்றாள், பாஸ் பாதியிலேயே பறிபோனது. ஓரக்கண்ணால் பார்த்தாள், ஈப்போ பெஞ்சில் புஷ்பலீலா அம்மா கோச்சின் காதோரம் குனிந்து வாயசைத்தது, கோச் ஒரு சத்தம் கொடுத்தான். அடப்பாவிகளா, தமிழ்க்காரர் நிறைந்த ஊரில் வந்து தமிழில் ரகசியம் பேசிக்கொண்டிருக்கிறோமே! ஹாஃப் டைமில் ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தாள். “அக்கா, அந்தம்மாவுக்கு நம்ம பேசுறது புரியுது. வாயால கூப்புட வேணாம், விரலக் காட்டுவோம்.” அக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “போடி, கால் அமுக்குறவ அவ, அவளுக்கு என்னடி ஆட்டம் தெரியும். நீ சத்தமாக் கூப்புடு, பயந்தாங்கொள்ளி” என்றாள். அக்காவின் தந்திரம் அல்லவா, அது தோற்கக்கூடாது. அமலு கூப்பிட்டாள். அதுதான் அடிநாக்கில் நிற்கும் கசப்பு. தெரிந்தே கூப்பிட்டாள். பந்து அவள் கையில் இருந்தது, வாயும் அவளுடையது, மூடிக்கொண்டிருக்கலாம், மூடவில்லை. கடைசி நிமிஷத்தில் ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கும்போது, “மோர்!” என்று தொண்டை கிழியக் கத்தினாள், அக்காவின் இடது கை உயர்ந்தது, பந்து கையை விட்டுப் போவதற்குமுன்னே ஒரு குட்டைப் பெண் அந்த இடத்தில் வந்து சிரித்துக்கொண்டு நின்றாள். பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய்க் கூடையில் போட்டாள், மூன்று பாயிண்ட் வித்தியாசம். அவ்வளவுதான் கோப்பை.

ஊருக்கு வந்த நாலாம் நாள் செக்ரட்டரி கூப்பிட்டனுப்பினார். மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் பன்னிரண்டு பேரும் வரிசையாக. எவளோ நம்ம ஆட்டத்த வித்துருக்கா, யாரு? என்று கேட்டார். அமலு அக்காவைப் பார்த்தாள், இப்போது சொல்வாள், சார், இவ ஹாஃப் டைம்லயே சொன்னா, நான்தான் கேக்கல என்று சொல்வாள், கேப்டன் என்றால் அதுதானே. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, “அமலு அந்தம்மா வீட்டுக்குத் தனியாப் போனா சார். என்ன பேசுனாங்கன்னு எனக்குத் தெரியாது” என்றாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல். பொய்யாக இருந்தால் கத்திச் சண்டை போட்டிருக்கலாம். போனியா? போனேன் சார். சாப்பிட்டியா? சாப்பிட்டேன் சார். முடிந்தது. சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார், விளையாட்டுக் கோட்டா வேலை போயிற்று, அது வல்லியக்காவுக்குக் கிடைத்தது. முதல்ல ஒன்னய ஏத்துறேன்டி. வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது பின்னாலிருந்து கூப்பிடுவாள் என்று நினைத்தாள். மெதுவாகத்தான் பூட்டைத் திறந்தாள். மெதுவாகத்தான் மிதித்தாள். தெருமுனைவரைக்கும் காதைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு போனாள்.

“என்ன தந்திரஞ் செஞ்சும் எப்படித் தோத்தீக?” என்று வத்தலக்குண்டு அம்மா விடவில்லை. நல்ல அம்மா, கேள், கேள். வல்லியக்கா பெருமூச்சு விட்டாள். “அவிங்க பெஞ்சுல ஒரு தமிழ்க்காரி இருந்தாம்மா. நாங்க கத்துறது பூராம் அவளுக்குப் புரிஞ்சிருச்சு.” அமலோற்பவம் மூச்சை நிறுத்தினாள். வருகிறது, அந்த இடத்துக்கு வந்துவிட்டாள். “ஒங்க டீம்ல ஒருத்திக்குக் கூடவா அது தோணல?” வளையல் லேசாகக் குலுங்கியது. “தோணாம என்ன. ஹாஃப் டைம்ல நான் தலையா அடிச்சுக்கிட்டேன். அடியே, அந்தம்மாவுக்கு நம்ம பேசுறது புரியுது, வாயால கூப்புட வேணாம், விரலக் காட்டுவோம்னு. ஒரு பிள்ள, பந்து கொண்டுபோற பிள்ள, கேக்கவே இல்ல. கடைசிவரைக்கும் கத்திக்கிட்டே இருந்தா. அவளாலதான் போச்சு.” “அடிப்பாவி மக! யாரு அவ?” “என்னமோ ஒரு பேரு... மறந்தே போச்சும்மா.”

அமலோற்பவத்துக்கு முதலில் ஒன்றுமே தோன்றவில்லை. பஞ்சு நனைந்துவிட்டது, மருந்தா வேறா தெரியவில்லை. பழி போட்டதைக்கூடப் பழகிக்கொண்டுவிட்டாள், பல்லுக்கடியில் கல் மாதிரி ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் தின்றாயிற்று. இது வேறே. அவளிடம் மிச்சம் இருந்ததே அந்த ஒரு வாக்கியம்தான். வேலை போனபோதும், புருஷன் குடித்துவிட்டு ‘ஊரை வித்தவளே’ என்றபோதும், கடையில் நின்று நின்று கால் வீங்கும்போதும், நான் சொன்னேனே, ஹாஃப் டைமிலேயே சொன்னேனே என்று அதைத்தான் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வாள். அதையும் எடுத்துக்கொண்டாள் அக்கா. சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொண்டாள், விரலக் காட்டுவோம் வரைக்கும். ஒரு சொல்லாவது மாற்றியிருந்தால் புளுகு என்று விட்டுவிடலாம். அப்படியென்றால் அன்றைக்குக் காதில் விழுந்திருக்கிறது, நன்றாகவே விழுந்திருக்கிறது, இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருக்கிறாள். வேணுமென்று சொல்கிறாளா, இல்லை நிஜமாகவே தான்தான் சொன்னோம் என்று நம்பிவிட்டாளா? எது மோசம்? நம்பிவிட்டாள் என்றால் இந்த உலகத்தில் அந்த உண்மை தெரிந்த ஆள் இனி ஒருத்திதான், அவளுக்கும் நரம்பு வாடுகிறது. பெயர் மறந்துவிட்டதாம். மடியில் தலையை வைத்துக்கொண்டு ஈரும் பேனும் பார்த்தவளுக்குப் பெயர் மறந்துவிட்டதாம்! ஐயோ என்று வாய்விட்டு வந்துவிடும் போலிருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மூன்றாவது சொட்டும் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கதவுப் பக்கமிருந்து, “அமலோற்பவ மேரி!” என்று சிஸ்டர் கூப்பிட்டாள். பக்கத்தில் மருமகள் சமையலைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்த வல்லியக்காவின் குரல் பட்டென்று நின்றது. “யாரும்மா அமலோற்பவ மேரி? உள்ள வாங்க.” அமலோற்பவம் எழுந்திருக்கவில்லை. ஓகோ, பெயர் தெரிகிறது. இப்போது அக்கா என்ன செய்வாள்? முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாளா? இவள் என்ன செய்வது? பழையபடி சந்தா? கையைத் தூக்கி விரலைக் காட்டலாம், ஆனால் ரெண்டு பேருக்கும் கண் தெரியாத இடத்தில் விரலைக் காட்டி யார் பார்ப்பது. பஞ்சை எடுத்து மடியில் வைத்து இமையைப் பிரித்தாள். வாயைத் திறந்தாள். கத்தவில்லை, ஆனால் ஈப்போவில் கூப்பிட்ட அதே குரல், இருக்கிறதா என்று அவளுக்கே தெரியாத குரல், வந்துவிட்டது.

“மோர்!”

வலது பக்கத்தில் கண்ணாடி வளையல்கள் சலசலவென்று மணிக்கட்டில் இருந்து முழங்கைவரை சரிந்தன. பச்சைச் சேலையின் மேலே வெளுப்பாக ஒன்று உயர்ந்து நின்றது, கலங்கலாகத் தெரிந்தாலும் அது கை என்று தெரிந்தது. இடது கை.

“மோரா? இங்க ஏது தாயி மோரு, கேண்டீன்ல டீதான் இருக்கு” என்றாள் வத்தலக்குண்டு அம்மா.

“அமலு” என்றாள் வல்லியக்கா. முதல்முறையாகச் சத்தமில்லாமல்.

“பேரு ஞாபகம் வந்துருச்சாக்கா?”

சிஸ்டர் வந்து அமலோற்பவத்தின் முழங்கையைப் பிடித்து, “உங்களத்தானம்மா எத்தன தடவ கூப்புடுறது” என்று தூக்கினாள். எழுந்து நின்றாள். வத்தலக்குண்டு அம்மா இருக்கும் பக்கமாக, குத்துமதிப்பாக முகத்தைத் திருப்பினாள்.

“அம்மா, ஹாஃப் டைம்ல விரலக் காட்டுவோம்னு சொன்னது இவங்க இல்ல. நானு.”

“ஆத்தி! அப்ப சொல்பேச்சுக் கேக்காமக் கத்துனது யாரு?”

“அதுவும் நான்தாம்மா. இவங்க கத்தச் சொன்னாங்க, கத்துனேன்.”

சிஸ்டர் இழுத்துக்கொண்டு போனாள். தரை வழவழவென்று இருந்தது, கோர்ட் மாதிரி. வளையல் கீழே இறங்கும் சத்தம் கேட்கிறதா என்று கதவுவரைக்கும் காதைப் பின்னாலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். கேட்கவில்லை.